நேர்கிஸ் எழுதாத வரிகள்

கொலோன், நவம்பர் 12

அன்பு அக்கா நேர்கிஸுக்கு,

உன் கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது? முழங்காலைப் பற்றிப் போன கடிதத்தில் ஒரு வரி எழுதிவிட்டு அப்படியே விட்டுவிட்டாய். அறையில் சூடு வருகிறதா? என்னைக் கேட்டால் ஒரு குறையும் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். ஆறாவது நாள் உனக்காக நிற்கிறேன்.

நிற்கிறேன் என்றால் நிஜமாகவே நிற்கிறேன். சனிக்கிழமைதோறும் பெரிய தேவாலயத்துக்கு எதிரே மேசை போட்டுக் கையெழுத்து வாங்குகிறோம். நீயும், உன்னைப் போலப் பிடித்து உள்ளே போட்ட மற்ற மேயர்களும் வெளியே வரவேண்டும் என்று பதினோராயிரம் பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். உன் படம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. போன வாரம் ஒரு ஜெர்மன் பாட்டி படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "உங்க அக்காவா? மூக்கு அப்படியே இருக்கே" என்றாள். இங்குள்ள நம் குர்தியர் சங்கத்தில் இப்போது என்னை யாரும் ஜெம்ஷீத் என்று கூப்பிடுவதில்லை. நேர்கிஸின் தம்பி என்றால்தான் தெரியும்.

வழக்கறிஞர் ஹேலின் போனில் பேசினாள். பத்து வருடத் தண்டனையில் ஏழரை வருடம் கழித்தால் வெளியே வரலாம், உனக்கு அது மே நான்காம் தேதி முடிகிறது என்றாள். அதற்கு முன்னால் ஏப்ரலில் சிறைக் குழு உன்னைக் கூப்பிட்டுப் பேசி, நன்னடத்தை என்று எழுத வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி. அம்மாவுக்கு இதைச் சொன்னதிலிருந்து தனித் தெம்பு. வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினில் படுத்துக் கிடக்கிறவள், டாக்டரிடம், "மே மாசம் வரைக்கும் இத வச்சு ஓட்டிக் குடுப்பா, அதுக்கப்புறம் உன் இஷ்டம்" என்றாளாம். அவளோடு இருந்து பார்த்துக்கொள்கிற அத்தை மகள் பெய்ஹான் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஒரு வேண்டுகோள். மார்ச்சில், நெருப்பு மூட்டிக் கொண்டாடும் எங்கள் நவ்ரோஸ் புத்தாண்டு விழா. சிறையிலிருந்து வந்த கடிதம் ஒன்றை மேடையில் வாசிப்பது வழக்கம். இந்த வருடம் உன் கடிதம்தான் என்று சங்கத் தலைவர் ஹைதர் அண்ணன் சொல்லிவிட்டார். வாசிக்கப்போவது நான். எழுதி அனுப்பு.

உன் கையை மறுபடி முத்தமிடும்
தம்பி ஜெம்ஷீத்

*

சிறை, டிசம்பர் 24

தம்பி ஜெம்ஷீத்,

உன் இரண்டு கண்களிலும் முத்தம். நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாலு மணிக்கு எழுந்து பேருந்து எடுக்கிறவன் வெறும் வயிற்றில் போகாதே. நான் நலம். முழங்கால் அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது.

உன் கடிதம் நாற்பது நாளில் வந்துவிட்டது. துருக்கி மொழியில் எழுதியதால் பிழைத்தது. கோடையில் நீ குர்தியில் எழுதிய கடிதம், படித்துப் பார்க்க ஆள் இல்லை என்று மூன்று மாதம் கிடந்து, 'பார்க்கப்பட்டது' முத்திரையோடு இலையுதிர் காலத்தில் வந்து சேர்ந்தது. வெயிலுக்குத் தொப்பி போட்டுக்கொள் என்று அதில் நீ எனக்குப் புத்தி சொல்லியிருந்தாய். ஆசையை அடக்கிக்கொள். வெளியே வந்ததும் போனில் நம் மொழியில் வயிறு நிறையச் சண்டை போடலாம்.

அந்த ஆள் உயரப் படம் எனக்கு நாற்பத்துமூன்று வயதில் எடுத்தது. அவளுக்கு வயதே ஆகவில்லை, முழங்காலும் வலிக்காது. எனக்குத் தலை முழுக்க வெளுத்துவிட்டது. நான் வந்து பக்கத்தில் நின்றால் உன் ஜெர்மன் பாட்டி, இவள் அவளுடைய அம்மாவா என்று கேட்பாள்.

வியாழக்கிழமை பத்து நிமிடம் அம்மாவோடு பேச விடுகிறார்கள். இரண்டு நிமிடம் சாப்பிட்டாயா என்பதில் போய்விடுகிறது. இந்த வாரம் சொன்னாள்: "நாப்பது கத்திரிக்கா குடைஞ்சு, சரம் கோத்து, பால்கனியில காயப் போட்டேன். பெய்ஹான் நாலு கேட்டா, குடுக்கல. நீ வர்ற அன்னிக்குத்தான் சரத்த அறுப்பேன்." நாற்பது எதற்கம்மா, நாம் மூன்று பேர்தானே என்றேன். "வர்றவங்க போறவங்களுக்கு வேண்டாமா? ஊரையே கட்டி மேய்ச்சவளுக்கு இதுகூடத் தெரியல" என்றாள்.

மேடைக் கடிதத்துக்கு இந்த வருடம் என்னை விட்டுவிடேன். ஏப்ரலில் குழு உட்காருகிறது. தண்ணீரை அதிகம் செலவழித்தாள் என்று எழுதி இங்கே ஒருத்தியை ஆறு மாதம் தள்ளிப்போட்டார்கள். எனக்கு வேண்டியது அம்மா. அம்மாவுக்கு அதிகம் நாள் இல்லை என்று நீயும் எழுதமாட்டாய், பெய்ஹானும் சொல்லமாட்டாள். எனக்குத் தெரியும்.

உன் கண்களில் முத்தத்தோடு
நேர்கிஸ்

*

கொலோன், ஜனவரி 28

அன்பு அக்கா,

கையை முத்தமிடுகிறேன். நலமா? இங்கே ஒரே மழை. எனக்குச் சளி பிடித்து விட்டுப்போயிற்று.

நீ எழுதியதைப் பத்து நாள் யோசித்தேன். ஆனாலும் கேட்கிறேன், கோபப்படாதே. பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன். ஊருக்கு வந்தால் விமான நிலையத்திலேயே கைது. அம்மாவின் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக என்னால் முடியவில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உன்னைப் பார்க்கவும் முடியவில்லை. என்னால் ஆகிற காரியம் இந்த மேசையும் மேடையும்தான். நான்கு வரி போதும்.

போன வருடம் வேறொரு தோழரின் கடிதம் வாசித்தார்கள். பாவம், அவர் பல்வலியைப் பற்றியே எழுதியிருந்தார். கூட்டம் பாதியில் டீக்கடைப் பக்கம் நகர்ந்துவிட்டது. ஹைதர் அண்ணன் இறங்கி வந்து, "இது என்னப்பா, கடிதமா, பல் டாக்டருக்கு எழுதின சீட்டா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். உன் கடிதத்துக்கு அப்படி ஆகாது. பேசத் தெரிந்தவள் நீ.

முழங்காலுக்கு மருந்து ஹேலின் மூலம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

உன் தம்பி ஜெம்ஷீத்

*

சிறை, பிப்ரவரி 19

என் பிடிவாதக்காரத் தம்பிக்கு,

கண்களில் முத்தம். சளி போயிற்றா? மருந்து வந்தது, தடவுகிறேன், நாற்றம் தாங்காமல் அறையில் எல்லாரும் ஜன்னல் பக்கம் போய்விடுகிறார்கள்.

நீ மழையில் மேசை போட்டு நிற்பதை நினைத்தால் மறுக்க மனம் வரவில்லை. எழுதிவிட்டேன். இதில் குழு குறை சொல்ல ஒன்றும் இல்லை, என் பங்குக்குப் பொய்யும் இல்லை. இப்படியே வாசி:

'கூடியிருக்கிறவர்களுக்கு வணக்கம். நெருப்பு நன்றாக எரியட்டும். என் பெயர் நேர்கிஸ். ஒரு சிறிய ஊருக்கு இரண்டரை வருடம் மேயராக இருந்தேன். பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. தோல்பட்டறைத் தெருவுக்குச் சாக்கடைக் குழாய் பதிக்க ஆரம்பித்தேன், பாதியில் என்னை அழைத்துப்போய்விட்டார்கள். மீதிப் பாதி இன்னும் திறந்தே கிடக்கிறதாம். அது எனக்கு வருத்தம். அழைத்துப்போன அன்று காலையில் அம்மாவிடம், சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தேன். அது இதைவிடப் பெரிய வருத்தம். எனக்குக் களைப்பாக இருக்கிறது. வெளியே வந்தால் எந்த மேடைக்கும் உடனே வரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நேரே அம்மாவிடம் போவேன். அம்மா கத்திரிக்காய் காயப்போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். அவள் காலடியில் படுத்து ஒரு நாள் முழுக்கத் தூங்குவேன். மற்றதை எழுந்த பிறகு யோசிப்பேன்.'

அவ்வளவுதான். டீக்கடைக்குப் போகிறவர்கள் போகட்டும். அவர்களும் மழையில் நின்றவர்கள்தானே.

உன் நேர்கிஸ்

*

கொலோன், மார்ச் 30

அன்பு அக்கா,

கையை முத்தமிட்டு நெற்றியில் வைக்கிறேன். உடம்பு நலம்தானே? நானும் நலம்.

விழா நன்றாக நடந்தது. மழை விட்டிருந்தது. மைதானம் கொள்ளாத கூட்டம். உன் கடிதத்தை நான் வாசித்தேன். முடித்தபோது அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். முன்வரிசையில் இருந்த பெண்கள் அழுதார்கள். இறங்கி வரும்போது முன்பின் தெரியாதவர்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள். மறுநாள் நம் பத்திரிகையில் உன் படத்தோடு வந்தது. ஹைதர் அண்ணன் அதை வெட்டிச் சங்கச் சுவரில் ஒட்டியிருக்கிறார்.

இவ்வளவு பேர் உனக்காக இருக்கிறார்கள் என்பதை மட்டும் மனதில் வை. ஏப்ரலில் நல்ல சேதி வரும். அம்மாவிடம் கத்திரிக்காயை ஊறப்போடச் சொல்லிவிடலாமா என்று பெய்ஹான் கேட்கிறாள்.

வேலைக்கு நேரமாயிற்று. இத்துடன் நிறுத்துகிறேன்.

ஜெம்ஷீத்

*

சிறை, ஏப்ரல் 27

தம்பி ஜெம்ஷீத்,

கண்களில் முத்தம். நலமா? நான் நலம்.

குழு பதினெட்டாம் தேதி கூடியது. முடிவைக் காகிதத்தில் கொடுத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு பகுதியை உனக்காக எடுத்து எழுதுகிறேன்: 'ஜெர்மனியில் நடந்த கூட்டத்தில் கைதியின் கடிதம் வாசிக்கப்பட்டதும், அதில் அவர், நான் எதற்கும் வருந்தவில்லை, கதவு திறக்கும் நாளில் விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன், எனக்காகக் காத்திருக்கும் ஒரே தாய் இந்த மண் என்று கூறியிருப்பதும் பத்திரிகைச் செய்தியால் தெரியவருகிறது. கைதி திருந்தியதாகக் கருத இடமில்லை.' ஆறு மாதம் தள்ளிவைத்திருக்கிறார்கள். நவம்பரில் மறுபடி கூப்பிடுவார்கள்.

ஹேலின் மேல்முறையீடு எழுதினாள். நான் அனுப்பிய அசல் கடிதம் உன்னிடம் இருக்கிறதா என்று போனில் கேட்டாளாம், வீடு மாறும்போது தொலைந்துவிட்டது என்றாயாம். வீடு மாறும்போது காகிதங்கள் தொலைவது சகஜம்தான். நீ வீடு மாறியதை எனக்கு எழுதவில்லை. புது முகவரி இருந்தால் அனுப்பு.

அம்மாவிடம் வியாழக்கிழமை நானே சொன்னேன்.   அவள், "நவம்பர்னா குளிருமே. உன் கோட்ட பூச்சி அரிச்சிருக்கும், எடுத்து வெயில்ல போடச் சொல்றேன்" என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நேர்கிஸ்

*

கொலோன், மே 31

அன்பு அக்கா,

கையை முத்தமிடுகிறேன். உன் கடிதம் வந்தது. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். இரண்டு ஓட்டுநர்கள் விடுப்பில் இருப்பதால் எனக்கு இரட்டை வேலை.

முகவரி பழையதுதான்.

உன் விடுதலையைத் தள்ளிவைத்ததைக் கண்டித்துப் பெரிய ஊர்வலம் நடத்தினோம். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வந்து பேசினார். கையெழுத்து பதினாலாயிரத்தைத் தாண்டிவிட்டது. ஹேலின் அனுப்பிய மேல்முறையீட்டை நீதிபதி தள்ளுபடி செய்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அவள் என்னிடம் இப்போது அதிகம் பேசுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசினேன். குரல் சிறுத்துவிட்டது. "உங்க ஊர்ல நீ பெரிய ஆளாமே, பெய்ஹான் படம் காட்டினா. அவங்ககிட்டச் சொல்லி நீ ஏதாவது செய்யேன்டா" என்றாள். செய்கிறேன் அம்மா என்றேன்.

வேறு என்ன எழுத. இங்கே வெயில் வந்துவிட்டது.

ஜெம்ஷீத்

*

சிறை, ஜூலை 3

தம்பி,

கண்களில் முத்தம். இந்தக் கடிதத்தில் நலம் விசாரிப்பது எப்படி என்று தெரியவில்லை. நம் இருவருக்கும் அல்லாஹ் பொறுமையைத் தரட்டும்.

அம்மா போன அன்று வியாழக்கிழமை. விடிகாலையில் போயிருக்கிறாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. இரண்டு மணிக்கு என் முறை வந்ததும் வழக்கம்போல எண்ணை அழுத்தினேன். பெய்ஹான் எடுத்தாள். அம்மாவிடம் கொடு என்றேன்.  பின்னால் பெண்கள் அழுகிற சத்தம் கேட்டது. என்னுடைய பத்து நிமிடமும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றேன். காவலர் பெண் மணியைப் பார்த்தாள், பதினோராவது நிமிடமும் விட்டாள்.

அடக்கத்துக்குப் போக மனு கொடுத்தேன். நான்காம் நாள் அனுமதி வந்தது, இரண்டு மணி நேரத்துக்கு. இங்கிருந்து, அம்மாவை அடக்கம் செய்த தியார்பக்கிருக்கு ஒரு நாள் பயணம், அதற்குள் மண் போட்டு மூடியும்விட்டார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ பேருந்து நிலையத்தில் ஒரு மூலையில் நின்று போனில் அடக்கத்தைப் பார்த்ததாகப் பெய்ஹான் சொன்னாள். அம்மா பெற்றது இரண்டு. இரண்டு பேரும் ஒரு பிடி மண் போடவில்லை.

துக்க வீட்டில் மூன்றாம் நாள் வந்தவர்களுக்குப் பெய்ஹான் அந்தக் கத்திரிக்காய்ச் சரத்தை அறுத்து ஊறப்போட்டு, சோறு அடைத்துச் சமைத்தாளாம். நாற்பதும் சரியாகப் போதுமானதாக இருந்ததாம்.

என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் எழுது. ஒன்றும் இல்லை என்றாலும் எழுது.

நேர்கிஸ்

*

கொலோன், ஆகஸ்ட் 25

அக்கா,

நீ எழுதச் சொல்லி ஏழு வாரம் ஆகிவிட்டது. ஒவ்வொரு நாளும் கடைசி நிறுத்தத்தில் பேருந்தை நிறுத்தியதும் காகிதத்தை எடுப்பேன். பன்னிரண்டு நிமிடம் இடைவேளை. எழுதாமலே மடித்து வைத்துவிடுவேன்.

அதே நிறுத்தத்தில்தான் அன்று மேடையில் வாசித்ததையும் எழுதினேன். உன் கடிதம் வந்த அன்று மூன்று முறை படித்து அழுதேன். பிறகு அதை மேடையில் நின்று வாசிப்பதாக நினைத்துப் பார்த்தேன். சாக்கடை என்ற இடத்தில் கூட்டம் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது. களைப்பாக இருக்கிறது என்று சொல்கிற தலைவிக்காக யார் மழையில் நிற்பார்கள் என்று தோன்றியது. எனக்கு வெட்கமாக இருந்தது அக்கா. உன்னை நினைத்து வெட்கப்பட்டேன். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில், வேலைத் தாளின் பின்பக்கத்தில், உன் பெயரில் நானே எழுதினேன். நம் மேடைகளில் அப்படி வரிகள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை, கை தானாகப் போயிற்று. ஹைதர் அண்ணனுக்குத் தெரியாது. "உங்க அக்கா எழுதினா எழுத்து, நீ வாசிச்சா வாசிப்பு" என்று தோளில் தட்டினார். அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. ஏப்ரலில் ஹேலின் கூப்பிட்டாள். "ஜெம்ஷீத், குழுவுல அந்தக் கடிதத்த அவங்கதான் எழுதினாங்களான்னு கேட்டதுக்கு உங்க அக்கா ஆமான்னுட்டாங்க. நான் நம்பல. அவங்க நடை எனக்குத் தெரியும். அசல் இருந்தா உடனே அனுப்புங்க, பதினஞ்சு நாளுக்குள்ள நீதிபதிகிட்ட வைக்கணும்" என்றாள். அசல் அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. தொலைந்துவிட்டது என்றேன். அனுப்பியிருந்தால் நீ மே மாதம் வந்திருப்பாயோ என்னவோ. அம்மா ஜூன் வரை இருந்தாள்.

உன்னை ஆமாம் என்று சொல்ல வைத்ததும் நான். அந்த ஆமாமை நம்பி ஒளிந்துகொண்டதும் நான்.

இப்போது எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அசலோடு ஹேலினிடம் கொடுக்கத் தயாராக இருக்கிறேன். பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். நீ ஒரு வார்த்தை சொல். உன் கையை முத்தமிடுகிறேன் என்று எழுதப் பேனா வரவில்லை.

ஜெம்ஷீத்

*

சிறை, நவம்பர் 29

தம்பி ஜெம்ஷீத்,

உன் இரண்டு கண்களிலும் முத்தம். அதை நான் எழுதாமல் விடமாட்டேன்.

உன் கடிதம் அக்டோபர் கடைசியில் வந்தது, 'பார்க்கப்பட்டது' முத்திரையோடு. ஆக, அவர்களும் படித்துவிட்டார்கள். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது என்று எனக்குத் தெரியும். நான் பிப்ரவரியில் அனுப்பிய கடிதமும் அவர்கள் கைவழியாகத்தானே போனது, அதன் நகல் அவர்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. சாக்கடை, கத்திரிக்காய் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டார்கள். நீதிபதிக்குத்தான் தெரியாது. அவரிடம் வைக்க நம்மிடம் ஒன்றும் இல்லாமல் போயிற்று.

நான் ஏன் ஆமாம் என்றேன் என்று நீ கேட்கவில்லை. சொல்லிவிடுகிறேன். மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். அந்தச் செய்தியை என் பக்கம் தள்ளி, "இது நீங்க எழுதினதுதானே?" என்றார்கள். முதல் வரியிலேயே உன் கையை அடையாளம் கண்டுகொண்டேன். பள்ளிக்கூடத்தில் உனக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்தவள் நான். இல்லை என்றால், அப்படியானால் யார் என்பது அடுத்த கேள்வி. என் தம்பி பொய் எழுதினான் என்று அந்த ஐந்து பேரிடம் சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் பத்திரிகையில் வந்திருக்கும். சிறையிலிருந்து வருகிற ஒவ்வொரு கடிதத்தையும் இனிமேல் காட்டி, இதை எந்தத் தம்பி எழுதினான் என்று கேட்பார்கள். இங்கே என்னோடு இருக்கிற இருபது பெண்கள் எழுதுகிறார்கள். அதனால் இப்போதும் நீ யாரிடமும் எதையும் கொடுக்காதே.

இவ்வளவையும் அந்த ஒரு நிமிடத்தில் யோசித்தேன். அம்மாவை யோசிக்கவில்லை. உன்னைக் காப்பாற்றினேன், அந்தப் பெண்களைக் காப்பாற்றினேன், அம்மாவுக்கு நான் சொன்ன மே மாதத்தை ஒரு வார்த்தையில் கொடுத்துவிட்டேன். அது நீ செய்தது இல்லை, நான் செய்தது. நீ அதையும் சேர்த்துத் தூக்காதே.

இந்த மாதக் குழுவிலும் தள்ளிவிட்டார்கள். இந்த முறை கைத்தொழில் வகுப்புக்கு நான் ஒழுங்காகப் போகவில்லையாம். ஆக, உன் வரிகள் இல்லாவிட்டாலும் வேறு ஏதாவது கிடைத்திருக்கும். கிடைக்காமலும் போயிருக்கலாம். அதை நீயும் நானும் தெரிந்துகொள்ளப் போவதில்லை.

கோபம் இல்லையா என்றால், இருக்கிறது. என் அம்மாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மண்ணை வைத்தாயே, அதற்குத்தான் கோபம். கைதட்டலுக்கு அவள் போதவில்லையா?

மார்ச்சில் மறுபடி கடிதம் கேட்பார்கள். புதிதாக நான் எழுதப்போவதில்லை. உன் சட்டைப் பையில் இருக்கிறதே, அதையே வாசி. கேட்கிறவர்களிடம் நேர்கிஸ் கொடுத்தது என்று சொல். ஒரு எழுத்து மாற்றாதே. அம்மாவைப் பற்றி வருகிற இடத்தையும் மாற்றாதே.

உடம்பு நலம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போ.

உன் அக்கா நேர்கிஸ்

*

கொலோன், மார்ச் 25

அன்பு அக்கா,

உன் கையை முத்தமிட்டு நெற்றியில் வைக்கிறேன். முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம். சாப்பிட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போகிறேன்.

வாசித்துவிட்டேன். ஹைதர் அண்ணன் முன்கூட்டியே தாளைக் கேட்டார், கொடுக்கவில்லை. மேடையில் பையிலிருந்து எடுத்தபோது மடிப்பில் காகிதம் கிழிந்துபோயிருந்தது. இரண்டு துண்டையும் ஒட்டிப் பிடித்துக்கொண்டு வாசித்தேன்.

பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை என்ற இடத்தில் யாரோ சிரித்தார்கள். சாக்கடை வந்ததும், நான் நினைத்தது போலவே, பின்வரிசையில் சிலர் நகர்ந்தார்கள். பக்கத்தில் நின்ற ஹைதர் அண்ணன் ஒருமுறை தொண்டையைச் செருமினார். களைப்பாக இருக்கிறது என்று வாசித்தபோது முன்வரிசை அசையாமல் இருந்தது. அம்மா கத்திரிக்காய் காயப்போட்டு வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள் என்ற வரியில் என் வாய் 'காத்திருந்தாள்' என்று போகப் பார்த்தது. நிறுத்தி, மூச்சு விட்டு, நீ எழுதியபடியே வாசித்தேன். மற்றதை எழுந்த பிறகு யோசிப்பேன் என்று முடிந்தது. முடிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. யாரும் கைதட்டவில்லை, யாரும் எழுந்து நிற்கவும் இல்லை. அடுத்து ஆட்டக்காரர்களை அழைத்தார்கள்.

இறங்கி வந்தேன். இந்த முறை யாரும் கட்டிப்பிடிக்கவில்லை. ஒரே ஒரு பெண் மட்டும், அம்மா வயது இருக்கும், தலைத்துணியும் அம்மா கட்டுகிற மாதிரியே, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தாள்.

"தம்பி, எம் பொண்ணும் உள்ளதான் இருக்கா. அந்தம்மாவ நெனச்சா மனசு கேக்கல. இன்னும் காத்துக்கிட்டுதான் இருக்காங்களா?" என்றாள்.

"இத எழுதினப்ப இருந்தாங்கம்மா" என்றேன்.

உன் தம்பி
ஜெம்ஷீத்